மற்றும் பிறர்

பேராசிரியரின் அந்த ஒரு கட்டுரை விலைபோகாத துறையே இல்லை. மீன் வளர்ப்பவர்கள், பல் மருத்துவர்கள், பாலம் கட்டுபவர்கள் எல்லாரும் அதை மேற்கோள் காட்டினார்கள். ஆய்வைச் செய்தவள் என்னவோ அவருடைய மாணவிதான். கட்டுரை அச்சேறுமுன் அவள் இறந்துபோனாள். “போனவளுக்குப் பேர் எதுக்கு?” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவள் பெயரை எடுத்துவிட்டார்.

போன வாரம் வந்த பல் மருத்துவக் கட்டுரையில் மேற்கோள் அவள் பெயரில் இருந்தது. பின்னால் ‘மற்றும் பிறர்’ என்று போட்டிருந்தது. பிறர் என்றால் இவர்தான். அச்சுப்பிழை என்று தள்ளிவிட்டார். மீன்காரர்களும் அப்படியே போட்டார்கள். தன் அலமாரியிலிருந்த கட்டுரையின் பழைய பிரதியைப் பிரித்தார். அதிலும் அப்படித்தான் இருந்தது.

“இப்பவாவது சரியாப் போட்டாங்களே,” என்றாள் மனைவி, டீயை ஆற்றிக்கொண்டே.

மறுநாள் காலை அவருடைய அறை வாசலிலேயே பியூன் கைநீட்டி மறித்தார்.

“மேடம் உள்ள வேலையா இருக்காங்க சார். மத்தவங்கல்லாம் பெஞ்சுல உக்காரணும்.”

உள்ளே பழகிய இருமல் கேட்டது. அவருடைய ஒரு கையெழுத்துக்காக அந்த மாணவி நாள்கணக்கில் காத்துக் கிடந்த பெஞ்சு அது. பேராசிரியர் அதில் உட்கார்ந்தார்.

பெஞ்சுப் பலகையில் இன்னும் சூடு ஆறவில்லை.