முன் சீட்டு உத்தரவாதம்

“கையை விட்டாக்கூட நேராப் போவும்ங்க. அப்படி மாட்டித் தரேன், கவலைய வுடுங்க!” என்றான் மெக்கானிக் சவரிராஜ்.

தேவநாதனைக் கவலை விடுவதாக இல்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் சொந்த அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் அவர். போன வாரம் ஒரு வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்ப, வண்டி அதைச் சட்டையே செய்யாமல் நேராகப் போய், புளியமரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அன்றிலிருந்து ஸ்டீரிங்கைப் பிடித்தாலே அவருக்குக் கை நடுங்குகிறது. வண்டியை விருத்தாசலம் வரை மாட்டுவண்டி வேகத்தில்தான் உருட்டி வந்திருந்தார்.

“நாளைக்கு நல்லூர்லேருந்து எம் பொண்ண இட்டாரணும் சவரி. ஆதிலட்சுமிக்கு ஒம்போதாம் மாசம், தலைப்பிரசவம். இந்த வண்டியிலதான்...”



“அதுக்குத்தானே ஸ்டீரிங் ராக்கையே புதுசா மாத்துறோம்? பழசுல பல்லு பூரா தேஞ்சி போச்சி. நீங்க இங்க திருப்புனா, அந்தப் பல்லுதான் அங்க சக்கரத்த இழுக்கணும். பொக்கை வாயில முறுக்கக் குடுத்தா என்னா ஆவும்?”

“எல்லாம் சரி. உத்தரவாதம்?”

சவரிராஜ் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி ஒரு சிரிப்பு.

“ஸ்டீரிங் வேலை முடிஞ்சா, மொத ஓட்டத்துல எம் பொண்டாட்டிதான் முன் சீட்டுல குந்தும். பதினோரு வருஷமா அதான் நம்ம வழக்கம். ஊருல யாரை வேணும்னாலும் கேட்டுக்குங்க.”

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன கேட்பது? கட்டின பெண்டாட்டியைப் பணயம் வைக்கிற மெக்கானிக்கைத் தேவநாதன் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஷெட்டின் படுதாவை இறக்கிவிட்டு, சவரிராஜ் அவர் தோளில் கை போட்டு வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

“வாங்க, டீ சாப்பிடுவோம். உள்ள நம்ம ஆளு இருக்குது, பாத்துக்கும். யாராவது நின்னு பாத்தா அதுக்குக் கை ஓடாது.”

டீக்கடையில், உள்ளூர் பீங்கான் ஃபாக்டரி ஒதுக்கித் தள்ளிய கோணல் காதுக் கோப்பையில் டீ வந்தது. சவரிராஜ் அதையும் விடவில்லை. “பாத்தீங்களா, ஒரு நூல் கோணுனாலும் தள்ளிப்புட்டாங்க. நம்ம ஷெட்டுலயும் அதே கண்டிசன்தான்” என்றான். மூன்று மணி நேரத்தில் நாலு டீ ஆயிற்று. புது ராக்கைத் தேடி மெட்ராசில் கடை கடையாக ஏறி இறங்கிய கதையை இரண்டு முறை சொல்லி முடித்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. கைதேர்ந்த வேலைக்காரன் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று தேவநாதன் நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது படுதா மேலே ஏறியிருந்தது. வண்டி தயாராக நின்றது.

“எங்கப்பா உன் ஆளு?”

“சாப்பிடப் போயிருக்கும்ங்க. மேரி! கெளம்பு, வண்டி ரெடி.”

பின்பக்கத்து வீட்டிலிருந்து அவன் மனைவி உபகாரமேரி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். நகக்கண்ணெல்லாம் கரி, கிட்டே வந்தால் மண்ணெண்ணெய் வாடை. பாவம், அடுப்படியிலிருந்து அப்படியே கூப்பிட்டுவிட்டானே என்று தேவநாதனுக்கு இரக்கமாக இருந்தது.

அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சவரிராஜ் பின் சீட்டில் காலை நீட்டினான். மணிமுத்தாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் குறட்டை கேட்டது. வேலையில் எவ்வளவு தைரியம் இருந்தால் இப்படித் தூக்கம் வரும்!

மேரி கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை டேஷ்போர்டில் ஊன்றியிருந்தாள். ஜெபம் செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தபடி தேவநாதன் ஓட்டினார்.

“அந்தப் பள்ளத்துல எறக்குங்கண்ணே” என்றாள் திடீரென்று, கண்ணைத் திறக்காமலே. இறக்கினார். “இப்ப ஒடிச்சித் திருப்புங்க.” திருப்பினார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

கருவேப்பிலங்குறிச்சிக்கு முன்னால் ரோடு நேராக நீண்டது. எதிரே ஒரு வண்டி இல்லை.

“இப்பக் கையை வுடுங்க.”

“ஐயோ, வேணாம்மா!” இரண்டு பக்கமும் புளியமரங்கள்.

“வுடுங்கண்ணே. நான்தான் பக்கத்துல குந்தியிருக்கேன் இல்ல?”

பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தார். பத்து கஜம், இருபது கஜம், ஐம்பது கஜம். வண்டி இம்மிகூட விலகாமல் நேராகப் போயிற்று. மறுபடி ஸ்டீரிங்கைப் பிடித்தபோது கையில் நடுக்கம் இல்லை. நாளைக்கு ஆதிலட்சுமியைப் பூப்போலக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“சவரி குடுத்து வெச்சவன்மா! புருஷன் வேலை மேல இம்மாம் நம்பிக்கை வெச்சி, உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு வந்து குந்துறியே!”

மேரி பின்னால் திரும்பி, குறட்டையை ஒருமுறை உறுதி செய்துகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“புள்ளத்தாச்சிப் பொண்ண இட்டாரப் போறீங்க, அதனால உங்களுக்கு மட்டும் சொல்றேன். பொம்பள கைபட்ட வேலைன்னு தெரிஞ்சா ஒருத்தரும் வண்டிய வுடமாட்டாங்க, வெளிய சொல்லிடாதீங்க. அவரு பஞ்சர் ஒட்டுன சைக்கிள்லகூட நான் குந்தமாட்டேண்ணே. படுதாவுக்குப் பின்னாடி இந்த ராக்க மாட்டுனது நானு!”