எப்பவும் போல இருங்க சார்

"சார், எப்பவும் போல இருங்க."

சொல்லிக்கொண்டே சுகுணா செல்போனில் படம் எடுத்துவிட்டாள். ஆத்மநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடு எடு, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாலாக மடித்த புகார் மனு பத்திரமாக இருந்தது. பதினோரு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து நூலக அதிகாரி வருகிறார். சுகுணாவுக்கு மாறுதல் நிச்சயம்.

கீரமங்கலம் நூலகத்துக்கு சுகுணா நூலகராக வந்து இரண்டு வருஷம். வந்ததிலிருந்து போனும் கையுமாகத்தான் இருக்கிறாள். புதுப் புத்தகம் வந்தால் அட்டையை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். 'எனக்கு' என்று யார் முதலில் பதில் போடுகிறார்களோ அவர்களுக்கு எடுத்து வைப்பாள். அதெல்லாம் ஒழியட்டும். கதவைத் திறந்து அரை மணி ஆனதும் 'இன்று நம் நூலகம்' என்று தினமும் குரூப்பில் ஒரு படம். அதில் ஆத்மநாதனின் மூஞ்சி எதற்கு?

அவர் பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வராண்டாவில் நடந்தால் வகுப்புகளில் பேச்சு நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவரை டீக்கடையில் கேட்கிறார்கள்.

"என்ன சார், லைப்ரரி விளம்பரத்துக்கு நீங்கதானா?"

மஸ்கட்டிலிருந்து மகன் கேட்கிறான். "ஏம்ப்பா, டெய்லி இப்படி மொறைக்கிறீங்க?"

இடத்தை மாற்றி உட்கார்ந்து பார்த்தார். போனும் கூடவே வந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். சரி, தலைவிதி என்று ஒரு நாள் லேசாகச் சிரித்தும் பார்த்தார். சுகுணா போனை இறக்கிவிட்டாள்.

"சிரிக்காதீங்க சார். எப்பவும் போல இருங்க."

அவர் முகம் கடுகடுத்தது. உடனே எடுத்துவிட்டாள்.

போன வருஷம் காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோதும் விடவில்லை. தினமும் போன். "எப்ப சார் வருவீங்க?" உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துத்தான் மனு எழுதினார்.

அதிகாரி அமராவதி வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"சுகுணா, ஒங்க லைப்ரரில படிச்ச நாலு பொண்ணுங்க குரூப் ஃபோர் பரீட்சைல பாஸாமே. நேர்ல பாக்கணும்னு வந்தேன்."

பெண்கள் மேஜையில் நாலு பேர் எழுந்து நின்றார்கள். முன்னால் நின்ற பிரகதீஸ்வரியின் கையில் லட்டு டப்பா இருந்தது.

ஆத்மநாதன் குறுக்கே புகுந்தார். "ஸ்வீட்டு அப்பறம் எடுத்துக்கங்க மேடம். மொதல்ல இதப் படிங்க."

அமராவதி படித்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"சாரைத் தெனமும் படம் எடுத்து குரூப்ல போடுறீங்களா?"

"ஆமா மேடம்."

"வேணாம்னு சொல்லியுமா?"

"ஆமா மேடம்."

"எதுக்கு?"

சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காரணம் சொல்லலைன்னா நான் நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும் சுகுணா."

"எடுங்க மேடம்."

ஆத்மநாதனுக்கு உள்ளுக்குள் குஷி. ஆனாலும், இவள் ஒரு பொய்யைச் சொல்லியாவது தப்பிக்கப் பார்க்கக் கூடாதா என்றும் தோன்றியது.

"நான் சொல்றேன் மேடம்" என்றாள் பிரகதீஸ்வரி.

"வேணாம் பிரகதி."

"இனிமே என்னக்கா, அதான் பாஸாயிட்டோம்ல."

அவள் ஆத்மநாதன் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பாவ ஒங்களுக்குத் தெரியும் சார், பூ கமிஷன் கடை மலையாண்டி. பொம்பளப்புள்ளைக்கு நாள் பூரா லைப்ரரில என்ன வேலை, அங்கிட்டு எவன் எவன் வருவானோன்னு ஸ்கூட்டி சாவிய வாங்கி வச்சுட்டாரு. ரெண்டு மாசம் வீட்டுலதான் கெடந்தேன். சுகுணாக்கா வந்து பேசிப் பாத்தாங்க. கடைசில அப்பா சொன்னாரு, 'ஆத்மநாதன் சார் மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற எடத்துல ஒரு பய வாலாட்ட மாட்டான். அவரு இருந்தா போ'ன்னு."

ஆத்மநாதன் அமராவதியின் கையிலிருந்த மனுவைப் பார்த்தார்.

"அப்பா குரூப்ல ஒங்க மொகத்தப் பாத்தப்பறந்தான் சார் சாவி என் கைக்கு வரும். இவங்க மூணு பேரு வீட்டுலயும் அதே கததான். ஒங்களுக்குக் காய்ச்சலடிச்ச மூணு நாளும் நாங்க யாரும் வரல. வெளில தெரிஞ்சா எங்களுக்கு அசிங்கம்னு நாங்கதான் அக்காகிட்ட சத்தியம் வாங்குனோம்."

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தபோது, அந்த நாலு பேருக்குப் பின்னால் ஐந்து புதுப் பெண்கள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இத்தனை நாள் அவர்களை அவர் கவனித்ததே இல்லை.

"சார், இந்த மனுவ என்ன செய்யட்டும்?" என்றார் அமராவதி.

"புகார் புகார்தான் மேடம்."

விறைப்பாகச் சொல்லிவிட்டு டப்பாவிலிருந்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டார்.

"கதவத் தொறந்து அரை மணி கழிச்சா போட்டோ போடுறது? அதுவரைக்கும் இந்தப் புள்ளைங்க சாவிக்குக் காத்துக் கெடக்கணுமா? நாளைலேர்ந்து தொறந்ததும் போடச் சொல்லுங்க. நான் முன்னாடியே வந்து மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."