கடை நம்பருக்கு வந்த அழைப்பு

செல்போன் இன்னும் தேயிலைத் தோட்டத்துக்குள் வராத காலம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் யார் வீட்டிலும் போன் கிடையாது. அதனால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் தமயந்தி, ஹட்டன் டவுனில் நஸார் நானாவின் கடை நம்பரையே கொடுப்பாள். இன்டர்நெட்டும் அங்கேதான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணில் பட்டது நார்வேயில் கம்ப்யூட்டரில் தகவல் பதியும் ஒரு வேலை. விசாவை அவர்களே எடுத்துக் கொடுப்பார்களாம்.

"வயசுப் புள்ள, அம்புட்டுத் தூரத்துல தனியா எப்புடி இருப்ப? வேணாம்மா" என்று பக்கத்தில் இருந்த அம்மா ராக்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விண்ணப்பம் அனுப்பப்படாமல் திரையிலேயே நின்றது.

அப்போது கடைப் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட நானா, தமயந்தியை ஒருதரம் பார்த்துவிட்டு ரிசீவரை அம்மாவிடம் நீட்டினார்.

"நார்வேயில இருந்து. உங்கட மகள்தான் பேசுறா."

அம்மா வாங்கிக் காதில் வைத்தாள். கசிந்து வந்தது, பக்கத்தில் இருந்த தமயந்தியின் அதே குரல்தான். இடையிடையே வந்த இருமல்கூட அவளுடையதுதான். அம்மாவுக்கு அது ஒரு விசேஷமாகவே படவில்லை. "சாப்பிட்டியா? குளுருக்குக் காதக் கட்டிக்க" என்றாள். நெடுநேரம் உம் கொட்டினாள். மறுகை தமயந்தியின் கையை விடவேயில்லை.

போனை வைத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அனுப்பிரு புள்ள" என்றாள். "அவ அங்க தனியா இருக்காளாம்."