பக்கத்து வீட்டு மைக்

"பொண்ணு பாடுவாளோ?" என்று பிள்ளையின் அம்மா கேட்டதுதான் தாமதம், பக்கத்து வீட்டில் மைக் அலறத் தொடங்கியது.

பெண்ணின் அப்பா வாஞ்சிநாதனுக்கு ரத்தம் கொதித்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தால் சத்தம் சகஜம்தான். அதற்காகப் பெண் பார்க்க வந்திருக்கும் நேரத்திலா?

பக்கத்து வீட்டு இசக்கிமுத்துவுக்கு மிளகுக் கிடங்கில் வேலை. போன மாதம் அவர் மச்சான் துபாயிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். கரோக்கேயாம். கேசட்டைப் போட்டால் வாத்தியம் மட்டும் வரும், மைக்கைப் பிடித்து நாம் பாட வேண்டும். கேசட்டில் இருந்தது ஏதோ ஜப்பான் மெட்டு. இசக்கிமுத்து பாடியது திருநெல்வேலிக் கும்மிப்பாட்டு. இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யவில்லை.

"ஸ்வர்ணா ஏழு வருஷமா பாட்டு கத்துக்கறா. சித்த இருங்கோ, இப்போ நிறுத்திடுவான்" என்றார் வாஞ்சிநாதன்.

நிறுத்தவில்லை. அவர் மனைவி அனந்தலக்ஷ்மி போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். சத்தம் இன்னும் கூடியது.

"எந்தா இது, சந்தையோ!" என்று வாஞ்சிநாதன் பல்லைக் கடித்தார். ஸ்வர்ணலதாவுக்கு இருபத்தேழு முடியப்போகிறது. இதற்கு முன் மூன்று வரன்கள் வந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, "லெட்டர் போடறோம்" என்று போனார்கள். லெட்டர் வரவில்லை. இதுவும் போய்விட்டால்?

"பாட்டு கிடக்கட்டும். நீ இப்படி வந்து உக்காரும்மா, பேசிண்டிருப்போம்" என்று பிள்ளையின் அம்மா ஸ்வர்ணலதாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

பேச்சென்றால், காதில் வாயை வைத்துக் கத்தத்தான் வேண்டியிருந்தது. ஸ்வர்ணலதா ஏதோ சொன்னாள். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏலூர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளையும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டான், சிரித்தான்.

"எங்களுக்குப் பரம திருப்தி. நாள் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய மனுஷர் நேரே இசக்கிமுத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உமக்கு மனசாட்சி உண்டோ ஓய்? என் பொண்ணை ஒரு பாட்டு பாட விடலையே! ஏதோ அவா நல்லவா, பாட்டைக் கேக்காமலே சம்மதிச்சுட்டா."

"சம்மதிச்சுட்டாவளா!" இசக்கிமுத்துவுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக மைக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"கோவப்படாதீய சாமி. முன்ன வந்த மூணு பேரும் பாட்டு முடிஞ்ச கையோடதான எந்திரிச்சாவ? செவத்துக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். பாப்பாகிட்ட நாலு வார்த்தை பேசுனா யாருக்கும் புடிச்சிரும். நீங்கதான் அதுக்குள்ள பாட வச்சிருதீய."