எழுபதாவது வளைவு

கொல்லிமலை ஏறும் லாரிக்காரர்கள் வயர்லெஸ்ஸில் வளைவின் எண்ணை இரண்டு தடவை சொல்வார்கள். பொத்தானை அழுத்தியபின் செட் அலைவரிசையைச் சரியாகப் பிடித்து லாக் ஆக ஒரு நொடி ஆகும். அதற்குள் முதலில் சொன்ன எண் தொலைந்துவிடும். உச்சியில், எழுபதாவது வளைவையொட்டிய கொட்டகையில் இருக்கும் பாவாயிக்கு இரண்டாவதுதான் கேட்கும். எதிரே வண்டி இல்லையென்றால், "காலிங்க, வாங்க" என்பாள்.

மாசி மாதம் மெக்கானிக் பிரவீன் எல்லா செட்டிலும் அலைவரிசையைப் பிடிக்கும் புது சிந்தசைசர் போர்டு மாட்டினான். "இனிக் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள லாக் ஆயிருங்கக்கா. ஒருக்கா சொன்னாப் போதும்."

லாரிக்காரர்களுக்குப் பழக்கம் விடவில்லை. எல்லா எண்ணும் இரண்டு தடவை கேட்டது.

ஒரு குரல் மட்டும், பகல் மூன்றரை மணிக்கு, ஒரே தடவை கேட்டது. "நாப்பத்தொண்ணு." அது அவள் கணவன் குப்புசாமியின் குரல். போன ஐப்பசியில் அந்த வளைவில்தான் அவன் மரவள்ளி லோடோடு பள்ளத்தில் விழுந்து இறந்தான்.

பிரவீனை வரவழைத்து, ஒரு எண் மட்டும் ஒரே தடவை கேட்பதைச் சொன்னாள்.

"பழைய செட்டுதானுங்கக்கா மொத எண்ண முழுங்கும். எல்லாத்தையும் மாத்தியாச்சுங்களே."

"ஒண்ணு பாக்கி சாமி. அது அவரு லாரியோட போயிருச்சு."

மறுநாள் நாற்பத்திரண்டு. அதற்கு மறுநாள் நாற்பத்து மூன்று. பாவாயி எல்லா வண்டிக்கும் சொல்வதுபோலவே, "காலிங்க, வாங்க" என்றாள்.

நேற்று அறுபத்தொன்பது.

இன்று மூன்றரைக்கு "எழுவது" இரண்டு தடவை கேட்டது. இரண்டாவதுதான் வயர்லெஸ்ஸில் வந்தது. முதலாவது, கொட்டகைக் கதவுக்கு வெளியே கேட்டது.