ருமேனியாக் குளிர்

"வங்காளதேசத்துக்காரன் என்ன செய்வான் தெரியுமா புள்ள? கொண்டுவந்த உடுப்பு எல்லாத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டிருவான். பெட்டிக்குள்ள ஒண்டும் மிஞ்சாது. அவன் நடந்து வந்தா நெல்லு மூட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி இரிக்கும்."

ஜெனூபா சிரித்தாள். கைபேசித் திரையில் அவளுடைய கணவன் முஸ்தாக்கின் முகம் கம்பளித் தொப்பிக்குள் பாதி மறைந்திருந்தது. பேசும்போது வாயிலிருந்து வெண்புகை வந்தது. பின்னால் சுவரில் உறைபனி படிந்திருந்தது.

ருமேனியாவுக்கென்று ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டிவிட்டு அவன் சாய்ந்தமருது வீட்டை விட்டு இறங்கியது போன நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு. இதோ, அடுத்த நோன்பு வரப்போகிறது.

"நேபாளத்தான்?" என்று கேட்டாள்.

"அவனுக்கு இது குளிரே இல்ல. பச்சத்தண்ணியில குளிச்சுப்போட்டுப் பாட்டுப் படிப்பான். அவன்ட பாட்டக் கேட்டு எனக்குத்தான் நடுங்கும்."

"ருமேனியாக்காரன்?"

"அவனுகள் பனி கொட்டக்குள்ள ரோட்டுல நிண்டு ஐஸ்கிரீம் திங்கிறானுகள். ஏண்டா எண்டு கேட்டா, வெளிக் குளிருக்கு ஐஸ்கிரீம் சூடாம்."

கட்டிலில் போர்வைக்குள் சுருண்டிருந்த ஜெனூபாவின் உம்மா தலையை நீட்டினார். வெளியே மாரி மழை தூறிக்கொண்டிருந்தது.

"மருமகன், நீங்க அங்க குளிர் எண்டு சொல்லாதீங்க. இஞ்ச எனக்குப் பல்லுக் கிடுகிடுக்குது."

"கேட்டியா புள்ள? இதான் நம்மட ஆக்கள். குளிரப் பத்திக் கதைச்சுக் கதைச்சே சூடாகிருவம்."

அவன் சிரித்தபோது கன்னத்தில் குழி விழுந்தது. அதன்மேல் விரலை வைத்தாள். கண்ணாடிதான் தட்டுப்பட்டது. போர்வைக்குள் இருந்த உம்மாவுக்குக் கேட்காதபடி முற்றத்துப் பக்கம் எழுந்து போனாள்.

"வந்திருங்களன் மச்சான்."

சிரிப்பு நின்றது.

"வெறுங்கையோட மாமிட வீட்டுக்குள்ள எப்படிப் புள்ள வாற?"

கிழக்கிலங்கையின் அந்தக் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மணமுடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். அவனும் அப்படித்தான் வந்தான். வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு. தன் உழைப்பில் இந்த வீட்டுக்கு ஓர் அறையாவது கட்ட வேண்டும், அதுவரை தான் விருந்தாளிதான் என்பான்.

"எனக்கு அறை வேணாம். நீங்க வந்தாப் போதும்."

"இன்னும் கொஞ்ச நாள்."

வேறு பக்கம் பார்த்தான். உதடுகள் வெடித்திருந்தன. முகம் சாம்பலாகிப் போயிருந்தது. அந்த முகத்தை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சரி, வியட்நாம்காரன் இரிக்கானா உங்கட அறையில? அவன் என்ன செய்வான்?" என்று அவசரமாகக் கேட்டாள்.

முகம் மறுபடி மலர்ந்தது.

"அவனக் கேக்காத. எந்த நேரமும் சூப்புச் சட்டியக் கட்டிப்பிடிச்சிக்கு இரிப்பான். குடிக்கிறதுக்கு இல்ல புள்ள, கையச் சூடாக்க. பசிச்சவன் ஒருத்தன் போய்க் கேட்டா, அடுப்ப யாராச்சும் குடுப்பாங்களாடா எண்டு…"

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். திரை இருண்டது. இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் லொறி ஹோர்ன் கேட்டது. வாழைச்சேனைக்கும் ஊருக்குமாக மீன் லொறி ஓட்டும் ஸிராஜ், முஸ்தாக்கின் கூட்டாளி.

"கதைச்சாரா தங்கச்சி?"

"ஓம் காக்கா. இண்டைக்கு வியட்நாம் வரைக்கும் போயிட்டாரு."

ஸிராஜ் சிரிக்கவில்லை. "இன்னும் எவ்வளவு நாளைக்கு ஒண்டும் தெரியாத மாதிரி இரிக்கப் போற? உனக்குத் தெரியுமெண்டு நான் அவனிட்டச் சொல்லிப்போடவா?"

"வேணாம். அவர்ட வாயால சொல்லட்டும். இந்தக் குளிர்க் கதை சொல்லக்குள்ள மட்டுந்தான் அவருக்குச் சிரிப்பு வருது."

குசினிக்குள் போய், வாழையிலையில் கட்டிய சூடான சோற்றுப் பொதியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வாழைச்சேனை ஐஸ் பெக்டரியில, ஆறிப்போறதுக்கு முன்ன அவர்ட கையில குடுத்திருங்க காக்கா. வழக்கம்போல உங்கட வீட்டுச் சோறெண்டே சொல்லுங்க."