தொடாத உச்சி

இந்தியானா மாநிலத்தின் உச்சி ஒரு மலைகூட இல்லை. சோள வயல்களுக்கு நடுவே ஒரு தோப்பு, அதற்குள் ஒரு கற்குவியல், அவ்வளவுதான். மாநிலம் மாநிலமாகப் போய் உச்சியைத் தொடுவது வெர்னனுக்கும் டார்லாவுக்கும் கல்யாணமான நாளிலிருந்து பைத்தியம். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் போவதில்லை என்பது இருவருக்குள் பேச்சு. உச்சிக் கல்லைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப்போய் முதலில் கை வைப்பவன் வெர்னன். இருவரும் சேர்ந்து இங்கே வருவது இதுதான் முதல் தடவை. இன்று மண்பாதை பிரிந்த இடத்தில் பலகை இல்லை. அவன் காரை நிறுத்தி யோசிக்கவும் இல்லை. இப்போது சருகுக்கடியில் மறைந்து கிடக்கும் வேரைக் குனிந்து பாராமலே தாண்டுகிறான். பின்னால் வரும் டார்லா தடுக்கி விழப் பார்க்கிறாள்.

“பாத்து வா.”

“அங்க வேர் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“எந்த வேரு?”

இலைகளின் இடுக்கு வழியே வெயில் கற்கள்மேல் அசைகிறது. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டுகிறது, நிறுத்துகிறது, மறுபடி தட்டுகிறது. வெர்னன் எட்டவே நின்று தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திறக்கிறான், மூடுகிறான், திறக்கிறான்.

“ஓடலையா?”

“முழங்கால் வலிக்குது. நீயே தொடு.”

காலையில் சின்சினாட்டி நகரைச் சுற்றிப் பார்த்தபோது தேவாலயப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறிய முழங்கால் அது. டார்லா கையை நீட்டுகிறாள். கல்லுக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றுவிடுகிறது.

“முதல்ல தொட்டது உன்கூட வந்தவளா, நீயா?”

மூடி திருகும் சத்தம் நின்றுபோகிறது.